மஞ்சக்குட்டையில் ஒரு மார்கழி நடை

பனி என்றதும் நார்வேயும் ஃபின்லாந்தும்தான் ஞாபகம் வருகிறதா? அங்கே கொட்டுவதையும், ஏற்காட்டு மலையில் முகத்தில் ஈரமாக ஒட்டுவதையும் நாம் 'பனி' என்றுதான் சொல்கிறோம்.

ஏற்காட்டுக்குக் கூட்டம் வருவது மே மாதக் கோடை விழாவுக்கு. ஆனால், மலை மும்முரமாக இருப்பது மார்கழி, தை மாதங்களில். அதைப் பார்க்கக் கார் உதவாது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு லேடீஸ் சீட்டுக்கும் பகோடா பாயின்ட்டுக்கும் ஓடுபவர்களுக்குத் தெரிவது வெறும் மூட்டம்தான். மஞ்சக்குட்டைப் பக்கம் காலையில் நடக்க வேண்டும்.

மூட்டம் அடர்ந்த நாளில் முதலில் பேச்சுச் சத்தம்தான் வரும். பிறகுதான் ஆட்கள் தெரிவார்கள், காப்பிப் பழம் பறிப்பவர்கள். ஒரே கொத்தில் பச்சையும் சிவப்பும் கலந்திருக்கும். சிவந்ததை மட்டும் கிள்ளுவதால், ஒரே செடிக்குப் பல முறை வரவேண்டும். சில்வர் ஓக் மரங்களிலிருந்து சொட்டும் நீரை மழை என்று நினைத்துக் குடை விரிப்பவர்களும் உண்டு! 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இந்த மலைக்குக் கொண்டுவந்த பயிர் இது.

நடப்பவருக்குப் பனி சுகம். காப்பி காயவைப்பவருக்கு அப்படியில்லை. தோல் நீக்கிக் கழுவிய கொட்டை களத்தில் வெயில் பட்டுக் காயவேண்டும். மூட்டம் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை பிடிக்கும், வாசம் கெடும், விலை இறங்கும். அதனால் பொழுது சாய்ந்ததும் தார்ப்பாயால் மூடி, காலையில் வானத்தைப் பார்த்துத்தான் பிரிக்கிறார்கள்.

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. ஸ்வெட்டர் பளிச்சென்ற நிறத்தில் இருக்கட்டும். மூட்டத்தில் வண்டிக்காரர் கண்ணில் படவேண்டும். எஸ்டேட்டுக்குள் கேட்டுவிட்டு நுழையுங்கள். களத்தில் காயும் காப்பியை மட்டும் மிதித்துவிடாதீர்கள்.