ஒரு கைக்கு ஒரு காப்பு

முதல் சம்பளம் வாங்கிய பெண்கள் என்னிடம் வந்து கேட்பது பெரும்பாலும் இதுதான். “தோழி கல்யாணம் வருது ஆச்சி. கையில எடுப்பா ஒண்ணு போடணும், 500 ரூபாய்க்கு மேல முடியாது. என்ன வாங்கட்டும்?” 500 ரூபாய் தாராளம் என்பேன், அதைத் தங்கம் மாதிரி நடிக்கச் சொல்லாதவரை.

பார்த்ததும் கண்ணில் பட வேண்டுமானால் கையில் போடுவதற்கு அகலமோ கனமோ நிறமோ வேண்டும். தங்கத்தில் ஒரு விரல் அகலம் என்றால் பவுன் கணக்கில்தான் பேச வேண்டும். கையிருப்பையெல்லாம் துடைத்துக் கொண்டுபோய்க் கடைசியில் ஒரு கம்பி வளையலோடு திரும்புகிறார்கள். மண்டபத்தில் அது யார் கண்ணிலும் படுவதில்லை. அடுத்தவள் கையைப் பார்த்துவிட்டு, போட்டவளே அதைத் தலைப்புக்குள் மறைத்துக்கொள்கிறாள். அந்தக் கையைப் பார்க்க எனக்கு மனசு பொறுப்பதில்லை. பித்தளை, மரம், அரக்கு, பட்டு நூல் எல்லாம் எளிய பொருள்கள். அவற்றில் அகலம் மலிவு. மரத்தை மரமாகவே, பித்தளையைப் பித்தளையாகவே போட்டுக்கொண்டு நிமிர்ந்து நடங்கள்.

கவரிங்கை நான் குறை சொல்லவில்லை. சிதம்பரம் கவரிங்கைப் போட்டு எத்தனையோ குடும்பங்கள் கௌரவமாகக் கல்யாணம் நடத்தியிருக்கின்றன. ஆனால் கழுத்தில் கிடப்பதற்கும் மணிக்கட்டில் கிடப்பதற்கும் வித்தியாசம் உண்டு. கை நாள் முழுக்க மேஜையிலும் கைப்பையிலும் உரசுகிறது, தண்ணீர் படுகிறது. அதனால் மேல்பூச்சு வளையலில்தான் முதலில் போகும். கவரிங்குக்கு ஒதுக்கும் பணத்தைச் சங்கிலிக்கும் கம்மலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஆசை மர வளையல்மீது. கர்நாடகத்தின் சன்னபட்டணாவிலும் ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாகாவிலும் கடைகிறார்கள். மரம் நமக்குப் புதிதல்ல, தோல் நோய்க்குச் சித்த வைத்தியர்கள் எண்ணெய் காய்ச்சுகிற வெட்பாலைதான். கடைசலில் சுழலும் வளையத்தின்மேல் சாயம் கலந்த அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உரசும் சூட்டிலேயே அரக்கு இளகி மரத்தில் ஏறிவிடும். பிறகு தாழை மடலை வைத்துத் தேய்க்கத் தேய்க்கப் பளபளப்பு வரும். தூரிகைக்கு வேலையே இல்லை. வாங்கும்போது உள்பக்கத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள், சிலாம்பு தட்டினால் வைத்துவிடுங்கள். தண்ணீரில் ஊறவிடாமல் வைத்திருந்தால் வெகுகாலம் வரும்.

பித்தளை போட்டால் மணிக்கட்டு பச்சையாகிறதே என்று பயப்படுவார்கள். பித்தளையில் இருக்கும் செம்பு வியர்வையோடு சேர்ந்து விடுகிற கறை அது, சோப்புப் போட்டால் போய்விடும். உள்பக்கம் நிறமில்லாத நெயில் பாலிஷ் பூசிவிட்டால் கொஞ்ச காலத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. மங்கினால் புளி போட்டுத் துலக்கலாம். ஜெர்மன் சில்வரில் மட்டும் கவனம் வேண்டும். செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகம் அது. மலிவுக் கம்மல் போட்டுக் காது அரித்துப் புண்ணானவர்களுக்குப் பெரும்பாலும் நிக்கல்தான் ஒத்துக்கொண்டிருக்காது. அவர்கள் மரத்துக்கோ நூலுக்கோ போய்விடுவது நல்லது.

அளவு தெரியாமல் கடைக்குப் போகாதீர்கள். ‘ரெண்டு நாலு’, ‘ரெண்டு ஆறு’ என்று கடைக்காரர் சொல்வது அங்குலக் கணக்கு. பின்னால் வரும் எண் ஓர் அங்குலத்தைப் பதினாறாகப் பிரித்த பங்கு. ஆக 2-4 என்றால் உள்விட்டம் இரண்டேகால் அங்குலம், 2-8 என்றால் இரண்டரை. ஆன்லைனில் இதையே 2.4, 2.8 என்று போடுகிறார்கள். அதைத் தசமக் கணக்கென்று நினைத்துக்கொண்டால் கையில் ஏறாத வளையல் வந்து சேரும். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, விரல் முட்டிகள் அகலமாக இருக்கும் இடத்தில் நூலைச் சுற்றி அளந்து, 3.14-ஆல் வகுத்தால் உங்கள் அளவு கிடைத்துவிடும். அகல வளையல் இறுக்கிப் பிடிக்கும் என்பதால் ஓர் அளவு கூட்டியே எடுங்கள்.

போடுவதற்கு என் யோசனை இது. அகலக் காப்பு ஒரு கையில், மறு கையில் வாட்ச் மட்டும். 1926-இல் மொகஞ்சதாரோவில் கிடைத்த வெண்கலப் பெண்ணின் உயரம் 10.5 சென்டிமீட்டர்தான். அவளுடைய இடக்கையில் மணிக்கட்டிலிருந்து தோள்வரை வளையல், வலக்கையில் நான்கே நான்கு. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இரு கையும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அவளுக்கு இல்லை. நாம் மட்டும் ஜோடி தேடி ஏன் இரட்டிப்புச் செலவு செய்ய வேண்டும்? கை எடுப்பாக இருக்கும் நாளில் கழுத்தையும் காதையும் அடக்கி வையுங்கள். ஜரிகை அகலமான பட்டுக்குப் பித்தளை நிற்கும், சுங்குடிக்கும் கண்டாங்கிக்கும் மரம். புடவை உடலின் நிறத்திலேயே தேடி அலையாமல் கரையில் ஓடும் சின்ன நிறத்தைப் பிடித்தால் வேலை சுலபம்.

அதுவும் கிடைக்கவில்லையா, வீட்டில் கிடக்கும் பழைய பிளாஸ்டிக் வளையல்கள் மூன்றை ஒன்றாக ஒட்டுங்கள். பட்டு நூலைப் பதினைந்து இருபது இழையாகச் சேர்த்து, நுனியை உள்பக்கம் கம் வைத்து நிறுத்தி, இடைவெளி விடாமல் இழுத்துச் சுற்றிக்கொண்டே வாருங்கள். முடிச்சு வேண்டாம், முடிவையும் உள்பக்கமே ஒட்டுங்கள். மேலே ஒரு சுற்று ஜரிகை போதும், கல்லைக் கொட்டாதீர்கள்.

இவ்வளவும் கேட்டுக்கொண்டு போகும் பெண்ணிடம் நான் மனதாரக் கேட்பது ஒன்று உண்டு. உன் வீட்டில் கணவரை இழந்த அம்மாவோ அத்தையோ வெறுங்கையோடு இருந்தால், உன் 500 ரூபாயில் பாதி அவருக்கு. கணவர் போன அன்றே வளையலை உடைத்துக் கையை மொட்டையாக்கிய வழக்கத்தைப் பார்த்தே நான் வளர்ந்தேன், அது கொடுமை என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. தாலிக்கும் பூவுக்கும் வருகிற தயக்கம் மரக் காப்புக்கு அவ்வளவாக வராது. “எனக்கெதுக்குடி இதெல்லாம்” என்றுதான் முதலில் சொல்வார். அளவு கேட்டால் அப்போதே மறுத்துவிடுவார், ஆகவே கேட்காதே. வாய் திறந்த காப்பாக வாங்கிக்கொண்டு போ. மணிக்கட்டின் பக்கவாட்டில் நுழைத்து மெல்லத் திருப்பி, நீயே போட்டுவிடு.