வாசலுக்குக் கம்பி வேண்டாம்

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளிடம் கணிதத்தில் எதைக் கண்டால் பயம் என்று கேட்டுப் பாருங்கள். வாய்பாடு என்பவர்கள் குறைவு. 'பிரச்சனைக் கணக்கு' என்பார்கள். பெயரிலேயே பிரச்சனையை வைத்துவிட்டுப் பயப்படாதே என்றால் எப்படி?

அக்காள் மகள் நான்காம் ஆண்டு படிக்கிறாள். அவள் கொண்டுவந்த கணக்கு இதுதான். செவ்வக வடிவக் காய்கறித் தோட்டம். நீளம் 12 மீட்டர், அகலம் 8 மீட்டர். மூலையை ஒட்டி 2 மீட்டர் வாசலை விட்டுவிட்டு, சுற்றிலும் மூன்று வரிசை முள்கம்பி கட்ட வேண்டும். எத்தனை மீட்டர் கம்பி தேவை?

12ஐ 8ஆல் பெருக்கி, வந்ததை 3ஆல் பெருக்கி, 288 என்று எழுதியிருந்தாள். வாசலைக் காணவே இல்லை. "எனக்குக் கணக்கு வராது சின்னம்மா" என்றாள். பத்து வயதில் சொல்லும் இந்த வார்த்தைதான் எனக்குக் கவலை. அக்காளோ, "இங்கிலீஷில் படித்திருந்தால் புரிந்திருக்கும். இருமொழிப் பாடத்திட்டம் உள்ள பள்ளிக்கு மாற்றலாமா என்று பார்க்கிறேன்" என்றார்.

நான் கணித ஆசிரியை அல்ல. படித்தது ஊடகவியல், பிழைப்பு வானொலி. ஆனால் எழுதியதை எப்படி வாசிப்பது என்பது எனக்குத் தெரியும். சின்ன விளம்பரமாக இருந்தாலும், எங்கே மூச்சு விடுவது என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டுதான் ஒலிவாங்கி முன் உட்காருவேன். அந்தக் கணக்கிலும் கோடு போட்டு, சத்தமாக வாசிக்கச் சொன்னேன். 'வாசலை விட்டுவிட்டு' என்ற இடத்தில் அவளே நின்றாள். "அங்கே கம்பி வராதா?" பிள்ளைகள் எண்களைப் பொறுக்கிக்கொண்டு சொற்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கணக்கு இருப்பதோ சொற்களில்.

2003இல் நான் படிவம் ஒன்றுக்குப் போனபோதுதான் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறின. 'பெரிமீட்டர்' என்றால் என்னவென்று மனனம் செய்தோம். சுற்றளவை அப்படி மனனம் செய்ததாக நினைவில்லை. சுற்றி வந்து அள என்று சொல்லே சொல்லிவிடுகிறதே! பரப்பளவு, பரந்து கிடக்கும் மண்ணுக்கு. கம்பியை யாரும் மண்ணில் பாயாக விரிப்பதில்லை.

என் அப்பாவுக்குச் சூத்திரம் தெரியாது. எஸ்டேட் லயத்து வீட்டுக்குப் பின்னால் காய்கறி போட்டு, மாடு நுழையாமல் வேலி கட்டியவர். நான்கு மூலையிலும் குச்சி ஊன்றி, கயிற்றைச் சுற்றிக் கொண்டுவந்து, வாசலில் நிறுத்தி வெட்டுவார். அந்தக் கயிற்றோடு கடைக்குப் போவார். நானும் அவளும் ஒரு தாம்பாளத்தைச் சுற்றி நூல் பிடித்துப் பார்த்தோம். பிறகு அவளே கூட்டினாள்: 12, 8, 12, 8. மொத்தம் 40. வாசல் போக 38. மூன்று வரிசைக்கு 114.

அடுத்த கேள்விதான் சுவை. 2 மீட்டருக்கு ஒரு கட்டை நட்டால் எத்தனை கட்டை? 38ஐ 2ஆல் வகுத்து 19 என்றாள். "கையை விரி. விரல் எத்தனை, இடைவெளி எத்தனை?" ஐந்து, நான்கு. அப்படியானால் 20 கட்டை. வாசலே இல்லாமல் முழுக்க அடைத்தால்? படம் போட்டு எண்ணினாள். அப்போதும் 20! சுற்றி வந்தால் முதல் கட்டையே கடைசிக் கட்டை. வாசல் வைத்ததில் கம்பி குறைந்தது, கட்டை குறையவில்லை.

பெருமையோடு தாத்தாவுக்குப் போன் போட்டாள். "114ஆ? 120 வாங்கு. கட்டையில் சுற்றி முறுக்க வேண்டாமா?" என்றார் அவர்.

அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. "அப்ப எது சரி சின்னம்மா?"

"நோட்டில் 114, கடையில் 120."

பள்ளி மாற்றுவது பற்றி அக்காள் இன்னும் முடிவு செய்யவில்லை. மகள் அதற்குள் பென்சிலை எடுத்துக்கொண்டு அடுத்த கணக்கைச் சத்தமாக வாசிக்கத் தொடங்கியிருந்தாள். மேசை விரிப்புக்கு லேஸ் தைப்பது. "சுவரை ஒட்டிய பக்கம்..." என்று வாசித்து, அங்கே ஒரு கோடு போட்டாள்.