குளத்து நகரில் ஒரு மிடறு நீர்

மட்டக்களப்பிலிருந்து வரும் புகையிரதம் மன்னம்பிட்டியில் மகாவலி கங்கையைக் கடந்ததும் இருமருங்கும் வயல்கள் விரிகின்றன. மாணவர் சிலருடன் பொலநறுவைக்குச் சென்ற நாம், சோழர் காலத்துக் கற்கோயிலான வானவன்மாதேவி ஈச்சரத்தில் வழிபட்டபின், பராக்கிரம சமுத்திரத்தின் அணைக்கட்டை அடைந்தபோது மாலையாகிவிட்டது. 12ஆம் நூற்றாண்டிலே முதலாம் பராக்கிரமபாகு மன்னன் அமைத்த அவ்வாவி கடலெனவே கிடந்தது.

மரத்தடியில் சிங்களக் கமக்காரர் ஒருவர் களைத்து அமர்ந்திருந்தார். மாணவனொருவன் தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினான்.

"வேண்டாம், மகன். இன்றைக்குள்ள அளவு முடிந்துவிட்டது" என்று தாமறிந்த தமிழில் மறுத்தார். "இந்தக் குளத்துத் தண்ணீரில் நாற்பது வருடம் வயல் செய்தேன், ஐயா. இப்போது கோப்பையால் அளந்து குடிக்கிறேன்."

அவர் குருதிச் சுத்திகரிப்புப் பெற்றுத் திரும்புபவர். பழுதுற்ற சிறுநீரகம் மிகை நீரையும் கழிவையும் வெளியேற்றாது. அத்தொழிலை இயந்திரமே செய்தல் வேண்டும். நுண்துளைச் சவ்வின் ஒருபுறம் குருதியும் மறுபுறம் உப்புக் கரைசலும் ஓட, கழிவுகள் கரைசலுக்குள் கசிந்து செல்கின்றன. ஒல்லாந்தின் காம்பன் நகரில் வைத்தியர் கொல்ஃப் 1943இல் மனிதருக்கு முதன்முதல் பயன்படுத்திய சுழல் உருளைப் பொறியின் வழிவந்ததே இச்சிகிச்சை. வாரத்தில் இரண்டு மூன்று தடவை, தடவைக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம் படுத்திருத்தல் வேண்டும். ஒரு தடவைக்கு வேண்டிய தூய நீரோ சுமார் 120 லீற்றர்!

வடமத்திய மாகாணக் கமக்காரரிடையே 1990களிலிருந்து இந்நோய் மிகுந்து காணப்படுகின்றது. கிணற்று நீரின் கடினத்தன்மை, புளோரைட்டு, விவசாய நஞ்சுகள், கடும் வெயிலில் நீரருந்தாது உழைத்தல் எனப் பல ஐயங்கள் உள. முடிந்த முடிபு இல்லை. சீன நாட்டின் உதவியுடன் எழுந்த சிறுநீரக வைத்தியசாலை 2021இல் இந்நகரில் திறக்கப்பட்டது. இயந்திரத்துக்கான நீரைச் சுத்திகரிக்கும் அதே சவ்வு முறையால் இன்று கிராமங்களிலும் குடிநீர் வழங்கப்படுகின்றது.

மன்னர் நீரைத் தேக்கித் தந்தனர். அதைத் தூய்மையாகக் காத்துக் கமக்காரரின் மிடற்றுக்குச் சேர்ப்பது நம் காலத்தின் கடனன்றோ? இதனை மாணவருக்கு எடுத்துரைக்க எண்ணினேன், தேவைப்படவில்லை. முதியவரின் பஸ் வண்டி கண்ணுக்கு மறையும்வரை அம்மாணவன் தன் போத்தலைத் திறக்கவேயில்லை.