பாதையில்லாத இடத்தில் வண்டி ஓட்டியவர்

2019ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 27ஆந் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்திலுள்ள அல்வோர்ட் பாலைவனத்தில், தரையில் மிக வேகமாக வாகனம் ஓட்டிய பெண் என்ற சாதனைக்காக முயன்றுகொண்டிருந்த ஒருவர் விபத்தில் இறந்துபோனார். அவரது பெயர் ஜெசி கோம்ப்ஸ். இறக்கும்போது வயது 39. எனக்கும் அந்த வயது நெருங்குவதாலோ என்னவோ, அவரது கதையை அறிந்த நாளிலிருந்து அது என் மனதை விட்டுப் போகவில்லை.

மோட்டார்ப் பந்தயத்துக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று சகோதரிகள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கோழி வளர்ப்புக் கடனின் தவணை எப்படிக் கட்டுவது என்று யோசித்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அமெரிக்காவின் பந்தயக்காரி எதற்கு? கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். ஜெசி பணத்தில் புரண்டு பொழுதுபோக்குக்காகக் கார் ஓட்டியவர் அல்ல. வெல்டிங் வேலை கற்று, அந்தக் கைவேலையால் தன் வாழ்க்கையை அமைத்துக்கொண்ட ஒரு தொழிலாளி அவர்.

ஜெசி 1980ஆம் ஆண்டு யூலை 27ஆந் திகதி தென் டக்கோட்டா மாநிலத்தில் ஒரு சிறிய ஊரில் பிறந்தார். நீராவியால் ஓடிய அந்தக் காலத்துக் கார்களை அவரது பூட்டி பந்தயத்தில் ஓட்டியவர் என்று சொல்வார்கள். பள்ளிப் படிப்பு முடிந்ததும் வீட்டு உள்ளலங்காரம் படிப்பதற்குப் புலமைப்பரிசில் கிடைத்தது. பெண்பிள்ளைக்குப் பொருத்தமான படிப்பு, மரியாதையான படிப்பு. அவர் அதை வேண்டாம் என்றார். சில வருடங்களின் பின் வயோமிங் மாநிலத்திலுள்ள வயோடெக் என்னும் தொழிற்கல்லூரியில் சேர்ந்து, வாகனத்தின் சட்டகம் அமைத்தல், தகடு வெட்டி வளைத்தல், வெல்டிங் ஆகியவற்றைக் கற்று, 2004இல் சிறந்த மாணவராக வெளியேறினார். படிப்பு முடிந்த கையோடு, சக மாணவர் ஒருவருடன் சேர்ந்து, கண்காட்சியொன்றுக்காக ஒரு முழு வாகனத்தை அடியிலிருந்து கட்டிக்கொடுத்தார்.

2005இல் நான்கு சில்லும் இழுக்கும் ஜீப், ட்ரக் வகை வாகனங்களைப் பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் தொகுப்பாளரானார். தொகுப்பாளர் என்றதும் அழகாக உடுத்துச் சிரித்துக்கொண்டு நிற்பவரை நினைக்க வேண்டாம். இவர் முகமூடியை இறக்கிவிட்டுத் தீப்பொறி பறக்க வேலை செய்தார். 2007இல் படப்பிடிப்பின்போது பெரிய இயந்திரமொன்று அவர்மேல் விழுந்து முதுகெலும்பு உடைந்தது. நீண்ட சிகிச்சையின் பின் எழுந்து நடந்தார்.

முள்ளந்தண்டில் காயப்பட்டு எழும்ப முடியாதிருக்கும் சகோதரிகளை நான் என் பணியில் அடிக்கடி சந்திக்கிறேன். மனவுறுதி இருந்தால் எழுந்துவிடலாம் என்று அவர்களிடம் சொல்வது அநியாயம். ஒவ்வொரு காயமும் வேறு, கிடைக்கும் வைத்தியமும் வேறு. ஆனால் ஒன்றைக் குறிப்பிட்டே ஆகவேண்டும். ஜெசி பேர்போன போட்டிகளும் சாதனைகளும் பெரும்பாலும் இந்தக் காயத்துக்குப் பிந்தியவை.

தார் வீதியில் அல்லாமல் மணலிலும் பாறையிலும் ஓடும் பந்தயத்தை ஓஃப்-றோட் பந்தயம் என்பர். எங்கள் ஊர்க் கிரவல் பாதையில் மாரி காலத்தில் லாண்ட் மாஸ்டர் ஓட்டியவர்களுக்கு அதில் கால்வாசி விளங்கும். ஜெசி 2011இல் மெக்சிக்கோவின் பாகா பாலைவனப் பந்தயத்தில் தன் பிரிவில் இரண்டாம் இடம் பெற்றார். கலிபோர்ணியாவில் ‘கிங் ஒஃப் த ஹமர்ஸ்’ என்று ஒரு போட்டி வருடந்தோறும் நடக்கிறது. பாலைவனத்தில் வேகமாக ஓடவும் வேண்டும், வீட்டளவு பாறைகளின் மேல் அங்குலம் அங்குலமாக ஏறவும் வேண்டும். வண்டி இடையில் உடைந்தால் ஓட்டுபவரும் கூட இருப்பவரும் இறங்கித் திருத்த வேண்டும். போட்டியின் பெயரிலேயே அரசன்தான் இருக்கிறான், அரசி இல்லை. அங்கே 2014இலும் 2016இலும் ஜெசி தன் பிரிவுகளில் முதலிடம் பெற்றார்.

எனக்கு மிகவும் பிடித்தது 2015இல் அவர் கலந்துகொண்ட மொறோக்கோ நாட்டுப் போட்டி. ‘கசெல்’ என்றால் ஒருவகை மான். 1990இல் தொடங்கிய அந்தப் போட்டி பெண்களுக்கு மட்டுமானது. ஒரு வண்டிக்கு இரண்டு பெண்கள். கையடக்கத் தொலைபேசி இல்லை, செய்மதி வழிகாட்டி இல்லை. ஒரு திசைகாட்டியும் பழைய வரைபடமும்தான். வேகமாக வருபவர் அதில் வெல்வதில்லை. குறிக்கப்பட்ட இடங்களையெல்லாம் தொட்டு மிகக் குறைந்த தூரம் ஓடியவரே வெல்வார். மணல்மேட்டைச் சுற்றிப் போவதா, ஏறிக் கடப்பதா என்று இருவரும் இருந்து பேசித் தீர்மானிக்க வேண்டும். முதற் தடவையாகப் பங்குபற்றியவர்களுள் ஜெசியின் அணி முதலாவதாக வந்தது. திசை தெரியாத வெளியில் இரண்டு பெண்கள் கலந்து பேசி வழி கண்டுபிடிப்பதென்றால் அது எங்களுக்குப் புதிதா? எத்தனை பேர் பிள்ளைகளையும் கிழவிகளையும் கூட்டிக்கொண்டு, எந்தப் பக்கம் போனால் தப்பலாம் என்று வழியில் நின்று பேசியிருப்போம்! எங்களுக்கு யாரும் பரிசு தரவில்லை, அவ்வளவுதான்.

அவரது கடைசி வாகனத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சாதாரண கார் என்று சொல்ல முடியாது. எப்-104 என்னும் பழைய போர் விமானத்தின் இறக்கைகளைக் கழற்றி, உடலுக்குக் கீழே அலுமினியச் சில்லுகள் பூட்டி, தொண்டர்கள் சேர்ந்து உருவாக்கிய ஊர்தி அது. 2013ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஜெசி அதை மணிக்கு ஏறக்குறைய 632 கிலோமீற்றர் வேகத்தில் ஓட்டி, நான்கு சில்லு வாகனத்தில் பெண்களுக்கான சாதனையை நிலைநாட்டினார். முந்திய சாதனை 1965இல் லீ பிறீட்லவ் என்ற பெண்ணுடையது. 48 வருடங்கள் அதை எவரும் தொடவில்லை.

அதற்கும் மேலே இருந்தது கிற்றி ஓநீலின் சாதனை. கிற்றி குழந்தைப் பருவத்திலேயே நோயினால் செவிப்புலனை இழந்தவர். அவர் 1976இல் இதே அல்வோர்ட் பாலைவனத்தில் மூன்று சில்லு ரொக்கற் ஊர்தியை மணிக்கு ஏறக்குறைய 825 கிலோமீற்றர் வேகத்தில் ஓட்டினார். அதை மிஞ்சத்தான் ஜெசி முயன்றார். 2019இல் அந்தக் கடைசி நாளில் அவர் மிஞ்சியும் விட்டார். முன்சில்லு எதிலோ மோதிப் பழுதானதே விபத்துக்குக் காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் சொல்லப்பட்டது. மணிக்கு 841 கிலோமீற்றர் என்ற அவரது வேகத்தைக் கின்னஸ் நிறுவனம் 2020ஆம் ஆண்டு யூன் மாதம் ஏற்றுக்கொண்டது. அதை அறிய அவர் இருக்கவில்லை.

ஒரு மாலை, மாதர் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, என் தொலைபேசியில் அந்த ஊர்தி ஓடும் காட்சியைச் சிலருக்குக் காட்டினேன். இரைச்சல் எழும்பியதும் ஓர் அக்கா சட்டென்று எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார். நான் பின்னால் போனேன். “நிப்பாட்டு பிள்ளை. உந்தச் சத்தம் எனக்குத் தெரியும்” என்றார். நான் தொலைபேசியை அணைத்துவிட்டேன். பிறகு தேடி வாசித்தபோது அவர் சொன்னது வெறும் பிரமை இல்லை என்று விளங்கியது. எப்-104 விமானத்துக்குப் பூட்டியது ஜே-79 என்னும் வகை ஜெற் இயந்திரம். எங்கள் தலைக்கு மேலே வந்துபோன கிபிர் விமானங்களிலும் இருந்தது அதே ஜே-79 வகைதான்.

அந்த அக்கா பிறகு உள்ளே வந்து, அந்தப் பெண்ணுக்கு என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நாங்கள் உயிரைக் காப்பாத்த ஓடினம். இவ உயிரைக் குடுக்கவெண்டே ஓடினவவோ?” என்றார்.

இந்தக் கேள்வியை நான் லேசாகத் தள்ளிவிட விரும்பவில்லை. உயிரின் விலை அறிந்தவர் கேட்ட கேள்வி அது. இழப்பதற்கு இனி எதுவும் இல்லை என்ற நிலையிலும் பிள்ளைகளுக்காக உயிரைப் பிடித்துவைத்திருந்தவர்களுக்கு, ஒருவர் சாதனைக்காக உயிரைப் பணயம் வைப்பது வீணாகத்தான் தெரியும். அந்தக் கடைசி ஓட்டம் தேவைதானா என்று எனக்கும் தெளிவில்லை.

ஆனால் சமூகவியல் படித்த எனக்கு வேறொரு கேள்வியும் எழுகிறது. ஆபத்து என்று நாம் எதைச் சொல்கிறோம்? விடியற்காலையில் பாம்பு கிடக்கும் காட்டுக்கு விறகுக்குப் போவதை யாரும் ஆபத்து என்று தடுப்பதில்லை. முன்பின் தெரியாத வீட்டில் வேலை செய்ய மத்திய கிழக்குக்கு விமானம் ஏறுவதையும் குடும்பமே வழியனுப்பி வைக்கிறது. ஒரு பெண் பிள்ளை கராஜில் வேலை பழகப்போகிறேன் என்றால் மட்டும், “ஆபத்து, வேண்டாம்” என்கிறோம். அந்த இடத்தில் நாம் அஞ்சுவது காயத்துக்கு அல்ல, ஊர்வாய்க்கு. நம் மேல் மற்றவர்கள் சுமத்தும் ஆபத்துக்குக் கடமை என்று பெயர். நாமே தெரிந்தெடுத்தால் அதற்குத் திமிர் என்று பெயர். பால்நிலை அடிப்படையிலான வேலைப் பிரிவினை என்று பல்கலைக்கழகத்தில் படித்தது இதைத்தான்.

வடக்கில் கண்ணிவெடி அகற்றும் வேலை செய்த பெண்களை நீங்கள் அறிவீர்கள். அவர்களுள் பலர் தனியே குடும்பத்தைத் தாங்குபவர்கள். முழங்காலில் இருந்து, முகக்கவசத்துக்குள் வியர்வை வழிய, மண்ணை அங்குலம் அங்குலமாகக் கிளறியவர்கள். அவர்கள் ஆபத்தை விரும்பிப் போகவில்லை. முறையாகப் பழகி, விதிப்படி வேலை செய்து, சம்பளம் எடுத்து, பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். ஆபத்தான வேலையைப் பாதுகாப்பாகச் செய்யலாம் என்பதை நிரூபித்தவர்கள் அவர்கள்.

ஜெசியும் பாதுகாப்பைப் பற்றி யோசித்தவர். வெல்டிங் கையுறையும் மேலங்கியும் பெரும்பாலும் ஆண்களின் அளவுக்கே தைக்கப்படும். தொளதொளத்த கையுறையுடன் சிறிய கை வேலை செய்வது ஆபத்து. வெல்டிங் உபகரணங்கள் செய்யும் லிங்கன் எலெக்ட்ரிக் நிறுவனத்துடன் சேர்ந்து, பெண்களின் உடலுக்குப் பொருந்தும் பாதுகாப்பு உடைகளை அவர் உருவாக்கினார். வேகச் சாதனையை விட இது சிறிய செய்தியாகத் தெரியலாம். எனக்கு இதுதான் பெரிது. ஒரு தொழிலுக்குள் முதலில் நுழைந்தவர், பின்னால் வருபவர்களின் கை வேகாமல் இருக்க வழி செய்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் பெயரில் தொடங்கப்பட்ட அறக்கட்டளை, இத்தகைய தொழில்களைப் படிக்கும் பெண்களுக்குப் புலமைப்பரிசில் வழங்கிவருகிறது.

எங்கள் பக்கத்தில் நிலைமை என்ன? பெண் தலைமைத்துவக் குடும்பம் என்றதும் வாழ்வாதார உதவிப் பட்டியலில் தையல் இயந்திரம், ஆடு, கோழிக்குஞ்சு என்றே எழுதப்பட்டு வந்திருக்கிறது. ஒரு கிராமத்தில் ஏழு வீடுகளில் தையல் இயந்திரம் நிற்பதைக் கண்டேன். தைக்கக் கொடுப்பவர் எவரும் இல்லை. ஒன்றின் மேல் ரி.வி. வைத்திருந்தார்கள். அதே ஊரில் உழவு இயந்திரத்தின் பெட்டி உடைந்தாலும், படலைக்கு இரும்புக் கேற் போடுவதென்றாலும், வெளியிலிருந்து ஆள் பிடிக்க வேண்டும். அந்த ஊர்ப் பிள்ளையொன்று வெல்டிங் படிக்க ஒரு பயிற்சி நிலையத்துக்குப் போனபோது, அங்கிருந்தவர்கள் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, “கேக் ஐசிங் வகுப்பில் இடமிருக்கு தங்கச்சி” என்று சொல்லி அனுப்பினார்கள். பிள்ளை அழவில்லை. மூன்று மாதம் கழித்துத் தாயையும் கூட்டிக்கொண்டு திரும்பப் போனாள். இப்போது பயிற்சியில் இருக்கிறாள். ஆண்பிள்ளைகளுக்கிடையில் அவள் ஒருத்திதான். முதல் வாரம் கண் கூசி இரவெல்லாம் கண்ணீர் வடிந்ததாம். கறுப்புக் கண்ணாடியை ஒழுங்காக இறக்கப் பழகிய பின் சரியாகிவிட்டது என்றாள். கையுறை மட்டும் இன்னும் பெரிதாம்.

தையலும் சமையலும் இழிவான வேலைகள் அல்ல. விரும்பியவர் அவற்றைச் செய்யட்டும். விரும்பாதவருக்கும் அதையே கொடுப்பதுதான் தவறு. தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் தரும் பயிற்சிகளில் வெல்டிங்கும் உண்டு, மோட்டார் திருத்தலும் உண்டு. ஆண்களுக்கு மட்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பிரதேச செயலகத்துக்குப் போகும்போது, பெண்களுக்கு என்ன பயிற்சி இருக்கிறது என்று கேட்காதீர்கள். என்னென்ன பயிற்சி இருக்கிறது என்று கேளுங்கள். முழுப் பட்டியலையும் காட்டச் சொல்லுங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.