செவலைக்கு விட்ட தூரம்

எங்கள் ஊரில் நாய் வளர்ப்பவர்கள் என்று யாருமில்லை. ஆனால் நாய் இல்லாத வட்டையும் இல்லை. ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நாங்கள், நாய் நக்கிய பாத்திரத்தை ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கரைத்த நீரால், கழுவுகின்றவர்கள். முற்றத்துக்குள் நாய் வந்தால் உம்மாமார் விளக்குமாற்றைத் தேடுவார்கள். அதேவேளை வெள்ளாமைக் காவலுக்கும் மாட்டுப்பட்டிக் காவலுக்கும் நாய் வைத்துக்கொள்ள மார்க்கத்தில் இடமுண்டு என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆகவே எங்கள் நாய்களுக்கு ஊர் கிடையாது. வாடிதான் அவற்றின் ஊர். செவலையும் அப்படி ஒரு நாய்தான்.

மூத்த ராத்தாவின் மாப்பிள்ளைக்கு அம்பாறை மாவட்டத்தின் மேற்குப் புறத்தில், காட்டை அண்டி ஐந்து ஏக்கர் காணி. பாடசாலை விட்டதும் மோட்டார் சைக்கிளில் போய் மச்சானுக்குக் கைகொடுப்பது என் வழக்கம். வெள்ளி, சனி இரவுகளில் வாடியிலேயே தங்கிவிடுவேன். கதிர் முற்றும் காலத்தில் அங்கு நித்திரை என்பது பேச்சுக்குத்தான். யானை எந்தப் பக்கத்தால் இறங்கும் என்று மனிதக் காதுக்குத் தெரியாது. நாய்தான் முதலில் அறியும். அது குரைக்கின்ற திசையைப் பார்த்து யானை வெடியைக் கொளுத்தினால், ஒரு போகத்து உழைப்பு மிஞ்சும்.

2018 ஜனவரியில் ஒரு பின்னேரம், மேய்ச்சலுக்குப் போன மாட்டுப் பட்டியொன்றோடு வந்த பெரிய கடுவன் நாய் செவலையை வாய்க்கால் கட்டில் வைத்துக் கடித்துக் குதறிவிட்டது. பட்டிக்காரர்கள் தடியோடு ஓடிவந்து பிரிப்பதற்குள் கழுத்திலும் பின் தொடையிலும் சதை கிழிந்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது செவலை வாடியின் பரணுக்குக் கீழே, மண்ணைப் பறித்து அதற்குள் உடம்பைப் புதைத்துக்கொண்டு கிடந்தது.

அந்த நேரத்தில் இரக்கத்தைவிட முதலில் வேண்டியது புத்தி. நாய்க்கு நாய் கடித்த காயத்தில் கடித்த நாயின் எச்சில் இருக்கும். அந்த நாய்க்கு விசர் இருந்தால், காயத்தைத் தொடுகின்ற நம் கையில் ஒரு சிறு கீறல் இருந்தாலும் ஆபத்துத்தான். பொலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டே நாங்கள் காயத்தைக் கழுவினோம். பிறகு சவர்க்காரம் போட்டு, ஓடுகின்ற வாய்க்கால் நீரில் கால்மணி நேரம் கை கழுவினோம். செவலைக்கு முந்திய வருடம் தடுப்பூசி ஏற்றியிருந்தது. என்றாலும் மிருக வைத்தியர் மறுபடியும் ஊசி போட்டு, கட்டி வைத்துக் கவனிக்கும்படி சொன்னார். கடித்த நாயையும் பத்து நாள் பார்த்துக்கொள்ளும்படி பட்டிக்காரரிடம் சொல்லி அனுப்பினோம். கடித்த வேளையில் எச்சிலில் விசர்க்கிருமி இருந்திருந்தால் அந்தப் பத்து நாளுக்குள் அந்த நாய்க்கே நோய் வெளிப்பட்டுவிடும் என்பது கணக்கு. அது பதினோராம் நாளும் மாடுகளின் பின்னால் ஓடித் திரிந்தது. அந்தக் கவலை விட்டது.

காயங்கள் மூன்று கிழமையில் ஆறின. செவலை ஆறவில்லை. கயிற்றை அவிழ்த்துவிட்ட பின்பும் பரணுக்குக் கீழிருந்து வெளியே வர மறுத்தது. எங்கோ தொலைவில் ஒரு நாய் குரைத்தால் போதும், வாலைக் கால்களுக்கிடையில் செருகிக்கொண்டு நடுங்கும். நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விடும். இரவில் ஒரு சத்தமில்லை. காவல் நாய் வாயை மூடிக்கொண்டால் வாடியில் இருப்பவன் குருடன்.

“மச்சான், இதால இனி ஒரு பிரயோசனமும் இல்ல. சந்தைப் பக்கம் கொண்டு விட்டிருவம். வேற குட்டியொண்டு பாப்பம்” என்றார் மச்சான்.

அவரைக் குறைசொல்ல முடியாது. கடன்பட்டு விதைத்த மனிதர். தெருநாய்களைக் கொல்கின்ற வழக்கத்தை அரசாங்கம் 2006இல் கைவிட்டது நல்ல காரியம். ஆனால் அதற்குப் பிறகும் வேண்டாத நாயைச் சந்தையில் இறக்கிவிட்டுத் திரும்பிப் பாராமல் வருகின்ற வழக்கம் நம்மைவிட்டுப் போகவில்லை. சந்தை நாய்க் கூட்டத்துக்கு நடுவில் செவலை ஒரு இரவுகூடத் தாங்காது. “அறுவடை மட்டும் பாப்பம்” என்றேன். மச்சான் தலையைச் சொறிந்துகொண்டு ஒத்துக்கொண்டார்.

பக்கத்து வாடிக்காரர் ஒருவர் வைத்தியம் சொன்னார்: “கயித்தில கட்டி, மத்த நாய்க்கு முன்னால இழுத்துப் போடுங்க சேர். ரெண்டு நாளில பயம் தெளிஞ்சிரும்.”

இந்த வைத்தியத்தை நான் முன்பும் கேட்டிருக்கின்றேன். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு எங்கள் கரையோரப் பிள்ளைகளைத் தற்காலிகக் கொட்டிலில் வைத்துப் படிப்பித்தோம். நான் அப்போது நியமனம் பெற்ற புதிது. பிள்ளைகளின் பயத்தைப் போக்கவென்று வந்த ஒருவர், எல்லோரையும் வரிசையாகக் கடற்கரைக்குக் கூட்டிப்போய் அலையில் கால் நனைக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். சில பிள்ளைகள் போனார்கள். போன பிறகு அவர்களில் இருவர் கொட்டிலுக்கே வரவில்லை. மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். அவளுடைய உம்மா அனுப்ப மறுத்துவிட்டா. அதற்குப் பதிலாகத் தினமும் அஸருக்குப் பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கடற்பக்கமாக நடப்பா. பிள்ளை “போதும் உம்மா” என்ற இடத்தில் நின்று, கச்சான் வாங்கிக் கொடுத்துத் திரும்புவா. ஒருநாள் ஒரு ஒழுங்கை கூடும். இன்னொரு நாள் இரண்டு குறையும். எத்தனை மாதம் என்று எனக்கு ஞாபகமில்லை. பெருநாளன்று அந்தப் பிள்ளை கடற்கரை மண்ணில் உட்கார்ந்து கச்சான் தின்றதை மட்டும் கண்டேன்.

பிறகு ஆசிரியர் கலாசாலைக்குப் போனபோது, கல்வி உளவியல் பாடத்தில் பீற்றர் என்ற சிறுவனின் கதையைச் சொன்னார்கள். மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி 1924இல் எழுதியது. மூன்று வயதும் நிரம்பாத பீற்றருக்கு முயலைக் கண்டால் பயம். அவன் விருப்பமான தின்பண்டத்தைத் தின்றுகொண்டிருக்கும்போது முயலை அறையின் தூரத்து மூலையில் கூட்டோடு வைத்தார்கள். தின்பதை நிறுத்தாத அளவுக்குத்தான் கிட்டக் கொண்டுவந்தார்கள். கடைசியில் முயல் அவனுடைய விரலைக் கொறிக்கின்ற அளவுக்கு அவன் தெளிந்தான். மற்றவர்கள் பரீட்சைக்காக எழுதிக்கொண்டார்கள். எனக்கு அந்த உம்மாவின் கச்சான் பொட்டலம் ஞாபகம் வந்தது. இன்னுமொரு விடயமும் மனதில் பதிந்தது. இடையில் பீற்றர் நோயாகி வைத்தியசாலையில் இருந்து திரும்பும்போது பெரிய நாயொன்று அவன்மேல் பாய்ந்ததாம். தெளிந்த பயமெல்லாம் பழையபடி வந்துவிட்டது. அவர்கள் மறுபடியும் தொடங்கினார்கள்.

பீற்றருக்குத் தின்பண்டம் என்றால் செவலைக்கு அவித்த சூடை மீன். தினமும் ஒரு சிரட்டையில் கொண்டுபோவேன். முதல் ஐந்தாறு நாள் வேறொன்றும் செய்யவில்லை. பரணுக்குப் பக்கத்தில், செவலைக்கு முகத்தைக் காட்டாமல் பக்கவாட்டில் உட்கார்ந்து கொப்பி திருத்துவேன். பயந்த நாயின் கண்ணை உற்றுப் பார்ப்பது அதற்கு மிரட்டல். கூப்பிடவுமில்லை, தொடவுமில்லை. மீனை வைத்துவிட்டு இருப்பேன். ஏழாம் நாள் அது தானாக வெளியே வந்து சிரட்டையை நக்கியது.

இனி இன்னொரு நாய் வேண்டும். நான்கு வரவை தள்ளி முல்லைக்காரர் ஒருவர் இருந்தார், வயதான தமிழர். அவரிடம் பல் தேய்ந்த கிழட்டுப் பொட்டை நாயொன்று. நான் கேட்டதும் சிரித்தார். ஆனால் ஒரு நாளும் மறுக்கவில்லை. பின்னேரம் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு அவர் தன் நாயோடு வரம்பில் வந்து உட்காருவார். முதல்நாள் எண்பது கவடு தூரம். அந்த நாய் கண்ணில் தெரிந்ததும் செவலைக்கு மீன். அவர் எழுந்து மறைந்ததும் மீன் நின்றுவிடும். இதுதான் முழு வித்தை. மற்ற நாய் வந்தால் நல்லது நடக்கும் என்று செவலையின் உடம்பு படிக்கவேண்டும்.

எவ்வளவு கிட்ட வரலாம் என்பதைச் செவலைதான் சொல்லும். நித்திரையில்லாத கொட்டாவி, அடிக்கடி மூக்கை நக்குவது, கண்ணின் வெள்ளை தெரியக் கடைக்கண்ணால் பார்ப்பது, எல்லாவற்றுக்கும் மேலாக மீனை விட்டுவிடுவது. இதில் ஒன்றைக் கண்டாலும் நான் கையைத் தூக்குவேன். அவர் பத்துக் கவடு பின்னால் போவார். “மாஸ்டர், இண்டைக்கு எத்தின கவடு?” என்பதே எங்களுக்குள் சலாம் மாதிரி ஆகிவிட்டது.

ஊரில் பேச்சு எழாமல் இல்லை. சேர் நாயோடு குந்தியிருக்கிறார் என்றார்கள். தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்ட ஹதீஸைக் குத்பாவில் கேட்டுக் கண் கலங்குகின்ற அதே ஆட்கள்தான். நான் விவாதிக்கவில்லை. சிரட்டை வாடியிலேயே இருந்தது. மஃரிபுக்கு முன் வாய்க்காலில் கை கால் கழுவிக்கொண்டேன்.

நாற்பது கவடுக்கு வந்தபோது, ஒரு பின்னேரம் காட்டுப் பக்கமிருந்து நாலைந்து கட்டாக்காலி நாய்கள் குரைத்துக்கொண்டு வாய்க்காலைத் தாண்டி ஓடின. செவலையைத் தொடக்கூட இல்லை. ஆனால் அது மறுபடியும் பரணுக்குக் கீழே. மூன்று நாள் மீனையும் தொடவில்லை. நாலாம் நாள் எண்பதையும் விட்டு, நூறு கவடில் தொடங்கினோம். இரண்டாம் முறை அவ்வளவு நாள் எடுக்கவில்லை. பெப்ரவரி நடுவில் இரண்டு நாய்களும் ஒரே வரம்பில், நான்கு கவடு இடைவெளியில், ஒன்றையொன்று பாராததுபோல் படுத்துக் கிடந்தன.

அந்த மாதக் கடைசி வெள்ளி இரவு, பரணில் நானும் மச்சானும். இரண்டு மணியிருக்கும். கீழே ஒரு உறுமல். பிறகு ஒரு குரைப்பு. தொண்டை கட்டியவனின் குரல்போல் உடைந்த குரைப்பு. மச்சான் என்னை உலுக்கினார். டோர்ச்சை அடித்தால் தெற்கு வேலியோரம் தனியன் ஒன்று நின்றது. வெடி போட்டோம். திரும்பிப் போனது. வேலியோரம் கால் ஏக்கர் மிதிபட்டதோடு சரி.

சந்தைப் பேச்சை மச்சான் பிறகு எடுக்கவில்லை. செவலை பழைய செவலையாகவும் ஆகவில்லை. அந்த மாட்டுப் பட்டி வருகின்ற மணியோசை கேட்டால் இன்றும் பரணுக்குக் கீழே போய்விடுகின்றது. மச்சான் வரம்பில் ஏறி நின்று பட்டிக்காரரைப் பார்த்துச் சத்தம் போடுவார்: “தம்பி, கடுவனப் புடிச்சுக்கங்க! இஞ்சால வராம அங்கால வாய்க்காலால போங்க!”