முகாமிலிருந்து திரும்பியவன்

வென்றவனை ஊர் வரவேற்கிறது; தோற்றவனைத் தேற்றுகிறது. வென்றவனும் அல்லாமல் தோற்றவனும் அல்லாமல், "இப்போதைக்கு வேண்டாம்" என்று திருப்பி அனுப்பப்பட்டவனை எவ்வாறு எதிர்கொள்வது என்பதை மட்டும் ஊர் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. விளையாட்டுப் பயிற்சி முகாம்களுக்குச் சென்று மீளும் மாணவர்களுள் பெரும்பாலோர் இம்மூன்றாம் நிலையினர். தேர்ந்தெடுக்கப்பட்ட சிலரின் படங்கள் நாளிதழில் இடம்பெறுகின்றன. திரும்பி வந்த பலரின் கதையோ, தோளில் தொங்கிய பையோடு வீட்டு மூலையில் இறக்கிவைக்கப்படுகிறது.

தம்போயில், அடுக்குமாடி வீடொன்றின் நான்காம் மாடியில், அப்படி ஒரு பை இறக்கிவைக்கப்பட்டது. அதற்குரியவன் இடைநிலைப்பள்ளி மாணவன். காற்பந்தில் சிறந்த இளையோரைத் தேடும் முகாமொன்றில் ஐந்து நாள் தங்கியிருந்து, ஆறாம் நாள் பேருந்தேறி வந்திருந்தான்.

ஜொகூர் பாருவின் வடமேற்கில் உள்ள தம்போய், பழைய தலைமுறையினர்க்கு 1937-இல் அங்கே எழுந்த மனநல மருத்துவமனையால் அறிமுகமான பெயர். இன்று அது தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் நெருங்கிய ஊர். விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிள்கள் புறப்பட்டுவிடும். கடற்பாலத்தில் நெரிசல் மிகுமுன் சிங்கப்பூருக்குள் நுழைந்துவிட வேண்டும் என்ற அவசரம். அச்சிறுவனின் தந்தையும் அந்த அணிவகுப்பில் ஒருவர். தாய் தொழிற்சாலைத் தொழிலாளி. பாட்டனாரோ பால்மரம் சீவியவர்.

பாட்டனார் வாழ்ந்த தோட்டத்தில் வசதிகள் எவையும் இல்லை. திடல் மட்டும் இருந்தது. லயத்து வீடுகளுக்கு அப்பால், கோயிலுக்கும் பள்ளிக்கும் நடுவே, புல் முளைத்தும் முளைக்காமலும் கிடந்த அந்தத் திடலில் மாலைதோறும் இளைஞர்கள் பந்தாடினர். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது, மக்களுக்கு மாற்று வீடு கிடைத்தது; திடலுக்கு மாற்று கிடைக்கவில்லை. பேரன் பந்தாடக் கற்றது அடுக்குமாடியின் கீழே உள்ள வாகன நிறுத்துமிடத்தில். காலணிகளே அங்கே கோல் கம்பங்கள்.

அவனிடம் இருந்த திறமையை முதலில் கண்டவர் தமிழ்ப்பள்ளியில் அவனுக்கு மொழிப்பாடம் கற்பித்த ஆசிரியர். பந்து வந்து சேருமுன்பே அடுத்து அதை எங்கே அனுப்புவது என்று அவன் தலை திருப்பிப் பார்த்துக்கொள்வதை அவர் கவனித்தார். கால்திறன் பலருக்கு வாய்ப்பது. அந்தக் கண்திறன் சிலருக்கே வாய்ப்பது. அவன் ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற பின்னரும், சனிக்கிழமைக் காலைகளில் அவனையும் வேறு சிலரையும் திரட்டிப் பயிற்சியளித்து வந்தார். முகாமுக்கான கடிதம் வந்தபோது, அச்சிறுவன் அதை முதலில் காட்டியது அவரிடந்தான்.

அந்தக் கடிதத்தின் பின்னே நின்ற கனவு சிறிதன்று. 1971-இல் சியோலில் நடைபெற்ற ஒலிம்பிக் தகுதிச் சுற்றில், மெக்சிகோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றிருந்த ஜப்பானை மலேசியா 3-0 என வீழ்த்தியது; தென் கொரியாவையும் வென்று 1972-ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் கால்பதித்தது. எம். சந்திரன் அவ்வணியின் தற்காப்பு அரண்களுள் ஒருவர். 1980-இல் மாஸ்கோ ஒலிம்பிக்குக்கும் மலேசியா தகுதி பெற்றது. அரசியல் காரணத்தால் நாடு அப்போட்டியைப் புறக்கணித்தது. நீண்ட கைகளால் 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் பெற்ற கோல் காவலர் ஆர். ஆறுமுகம் அந்தத் தலைமுறையின் வீரர். 1988-இல் சாலை விபத்தில் மறைந்தார். 2010-இல் மலேசியா தென்கிழக்காசிய வாகையர் கிண்ணத்தை முதன்முறையாக வென்றபோது, பயிற்றுநராக நின்றவர் கே. ராஜகோபால். 2015-இல் ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்புக் கிண்ணத்தை வென்ற ஜொகூர் டாருல் தக்சிம் கழகத்துக்குப் பல்லாண்டு ஆடியவர் எஸ். குணாளன். இப்பெயர்களையெல்லாம் ஆசிரியர் தம் மாணவர்க்குச் சொல்லி வைத்திருந்தார்.

முன்னாளில் திறமையைத் தேடியவர்கள் திடலோரத்தில் நின்று கண்ணால் தேடினர். இந்நாளில் தேடல் ஓர் ஒழுங்குக்குள் வந்துவிட்டது. புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி 1996-இல் தோன்றியது. ஜொகூரின் கிழக்குக் கரையில் பண்டார் பெனாவாரிலும் ஒரு விளையாட்டுப் பள்ளி உண்டு. 2014-இல் தேசியக் காற்பந்து மேம்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. பகாங் மாநிலத்தின் கம்பாங்கில் அமைந்த பயிற்சிக்கழகத்துக்கு மொக்தார் டஹாரியின் பெயர் சூட்டப்பட்டது. மாவட்டந்தோறும் சிறுவர்களைச் சலித்து, முகாமில் மீண்டும் சலித்து, எஞ்சுவோரைப் பயிற்சிக்கழகங்களுக்கு அனுப்புவதே இத்தகைய தேடலின் முறை.

சிறுவன் சென்ற முகாமில் விடியுமுன் எழுப்பினார்கள். பெயருக்குப் பதில் மார்பில் ஓர் எண். முதல் நாள் உயரம், எடை, இருக்கை உயரம் ஆகியவற்றை அளந்தார்கள். முப்பது மீட்டர் ஓட்டத்தை மின்கருவி கணக்கிட்டது. இருபது மீட்டர் இடைவெளியை ஒலிக்குறிப்புக்கேற்ப மாறி மாறி ஓடும் சோதனை மறுநாள் நடந்தது. 1980-களின் தொடக்கத்தில் கனடாவின் லூக் லெஜே வகுத்த அச்சோதனையில், ஒலிகளுக்கிடையே உள்ள நேரம் குறைந்துகொண்டே வரும். மூச்சு முட்டியவர் ஒவ்வொருவராக விலகுவர். பின்னர் நால்வருக்கு நால்வர் என்று சிறு சதுரங்களில் ஆட்டம். இரவில் உணவைப் பற்றியும் உறக்கத்தைப் பற்றியும் விளக்கவுரை. மாவட்டத்தில் தன்னை வெல்ல ஆளில்லை என்று எண்ணியிருந்த சிறுவன், அங்கிருந்த அனைவரும் தத்தம் மாவட்டத்தில் அவ்வாறே எண்ணியிருந்தவர்கள் என்பதை இரண்டாம் நாளே உணர்ந்தான். முகாம் அவனுக்குக் கற்பித்த முதற்பாடம் அதுவே. அது நல்ல பாடமுங்கூட.

சிறு சதுர ஆட்டங்களில் அவன் சிறந்தான். முழுத் திடலில் ஆடியபோது, அவனைவிட ஒரு சாண் உயர்ந்த சிறுவர்கள் தோளால் மோதிப் பந்தைப் பறித்தனர். ஐந்தாம் நாள் மாலை எண்களை வாசித்தார்கள். அவன் எண் அதில் இல்லை. பயிற்றுநர் ஒருவர் அன்போடு தோளைத் தட்டி, உயரமும் உடல்வலுவும் போதவில்லை என்றார்.

தம்போயில் அச்செய்திக்கு அண்டைவீட்டார் உடனே விளக்கம் கண்டனர். "நம்ம பிள்ளைகளை எங்கே எடுக்கப் போகிறார்கள்?" என்றார் ஒருவர். தந்தை பதில் பேசவில்லை. பல காலமாக இச்சமூகம் பல வாயில்களில் நின்று பெற்ற கசப்பு அந்தக் கேள்வியில் இருந்தது. அதைப் பொய்யென்று தள்ளிவிட எவராலும் இயலாது. ஆயினும் ஒவ்வொரு கதவுக்கும் ஒரே சாவியைப் பொருத்திப் பார்ப்பவன், சில கதவுகளைத் திறக்காமலே விட்டுவிடுவான்.

சிறுவன் இரண்டு நாள் கழித்து ஆசிரியரிடம் சென்றான்.

"ஐயா, எனக்கு உயரம் போதாதாம்."

ஆசிரியர் ஆறுதல் சொல்லவில்லை, கேள்வி கேட்டார். "உன்னோடு திரும்பியவர்கள் யார் யார், தம்பி?"

பேருந்தில் அருகில் அமர்ந்து அழுதுகொண்டே வந்த மலாய்ச் சிறுவனைப் பற்றியும், பின்னிருக்கையில் பேசாமல் வந்த சீனச் சிறுவனைப் பற்றியும் அவன் சொன்னான். இருவரும் சிறிய உருவினர். இருவரும் நன்றாக ஆடியவர்கள். மலாய்ச் சிறுவனின் பிறந்தநாள் டிசம்பரில். அது அவனுக்கு நினைவிருந்தது. தன் பிறந்தநாள் நவம்பரில் என்று இவனும் சொல்லியிருந்தான். மற்றவன் பிறந்த மாதம் தெரியவில்லை.

ஆசிரியருக்கு அது போதுமானதாயிருந்தது. பள்ளி விளையாட்டில் வயது ஆண்டுக் கணக்கில் பார்க்கப்படுகிறது. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே வயதினராகக் கருதப்படுகின்றனர். முதியவர்க்குப் பதினொரு மாதம் ஒன்றுமில்லை. பதின்மூன்று வயதில் அது ஒரு பருவம். 1985-இல் கனடாவின் ரோஜர் பார்ன்ஸ்லியும் அவர் குழுவினரும் பனிவளைகோல் ஆட்டக்காரர்களின் பிறந்த மாதங்களை ஆராய்ந்து, ஆண்டின் முற்பகுதியில் பிறந்தவர்களே தேர்ந்த அணிகளில் மிகுதி என்று காட்டினர். பின்னர் இளையோர் காற்பந்திலும் அவ்வாறே காணப்பட்டது. பெல்ஜியத்தில் ஆகஸ்டில் தொடங்கிய வயதுக் கணக்கை 1997-இல் ஜனவரிக்கு மாற்றியபோது, அதுவரை அணிகளில் மிகுந்திருந்த ஆகஸ்டு மாதத்தவர் குறைந்தனர். ஜனவரி மாதத்தவர் பெருகினர். நாட்காட்டியை மாற்றியதும் 'திறமை'யும் இடம்மாறியது என்றால், அளக்கப்பட்டது முழுவதும் திறமையா என்ற ஐயம் எழுவது இயல்பே.

பிறந்த மாதத்தோடு வளர்ச்சியின் வேகமும் சேர்ந்துகொள்கிறது. ஆண்பிள்ளைகளின் உயரம் விரைந்து ஏறும் காலம் பெரும்பாலும் பதின்மூன்று, பதினான்கு வயதையொட்டி வருகிறது. சிலர்க்கு அது முந்தும்; சிலர்க்குப் பிந்தும். ஒரே வயதுடைய இருவரின் உடல் முதிர்ச்சியில் ஈராண்டுக்கும் மேற்பட்ட வேறுபாடு இருத்தல் கூடும். இதனை உணர்ந்தே இங்கிலாந்தில் சில போட்டிகளில் சிறுவர்களை வயதால் பிரிக்காமல், பெற்றோரின் உயரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, வளர்ச்சி நிலையால் பிரித்து ஆடவைக்கின்றனர். பெல்ஜியம் பிந்தி வளர்வோர்க்கெனத் தனி இளையோர் அணியே அமைத்தது. உருவம் சிறிதென்று பிரான்சுக் கழகங்கள் பல ஒதுக்கிய அந்துவான் கிரீஸ்மான், ஸ்பெயினுக்குச் சென்று ஆடி வளர்ந்து, 2018-ஆம் ஆண்டு உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் பிரான்சுக்காகக் கோலடித்தார். தொலைவில் உள்ள சான்று எதற்கு? மலேசியாவின் பயிற்சிக்கழகத்துக்குப் பெயர் தந்த மொக்தார் டஹாரியே 1953-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள் பிறந்தவர்தாம்.

ஆசிரியர் இவற்றையெல்லாம் எளிய சொற்களில் சிறுவனுக்கு விளக்கினார். ஆயினும் அவர் பொய்யான நம்பிக்கை ஊட்டவில்லை. "அடுத்த முறை உன்னை எடுப்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நீ வளராமலும் போகலாம். வளர்ந்தும் எடுக்காமல் போகலாம். முகாம் அளந்தது உன் இன்றைய உடம்பை. அது உண்மையான அளவுதான், ஆனால் முழுமையான அளவு அன்று" என்றார். தேர்வு பெற்றவர்க்கும் பாதை மலர்ப்பாதை அன்று என்பதையும் மறைக்கவில்லை. காயம் ஒன்றே கனவை முடித்துவிடலாம். மலேசியக் கழகங்கள் சில ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் தர இயலாமல் தடுமாறிய செய்திகளை நாளிதழ்கள் பலமுறை எழுதியுள்ளன. ஆகவே பாடநூலைக் கைவிட்டுப் பந்தைப் பிடிப்பதை அவர் ஒருநாளும் ஏற்றதில்லை.

வள்ளுவர் ஊக்கமுடைமைக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்து, இரண்டுக்கும் நடுவே மடியின்மையை வைத்தார். உள்ளத்தில் எழும் ஊக்கம் கையில் முயற்சியாக மலருமுன், இடையில் நிற்பது சோம்பல். முகாமிலிருந்து திரும்பியவனைப் பிடிப்பதும் அச்சோம்பலே. அது உறக்கத்தின் வடிவில் வருவதில்லை, "இனி எதற்கு?" என்ற கேள்வியின் வடிவில் வருகிறது. அந்தக் கேள்வி எழும் நேரத்தில் மாணவன் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். முகாமுக்கு அனுப்பிவைக்கும் நாளில் மாலை சூட்டிப் படமெடுக்கப் பலர் உண்டு. திரும்பிய நாளில் கதவைத் தட்ட ஓர் ஆசிரியர் போதும்.

அடுத்த சனிக்கிழமை, ஆசிரியர் சிறுவனை லார்க்கின் அரங்கின் பக்கம் அழைத்துச் சென்றார். தம்போயிலிருந்து அது தொலைவில்லை. 1997-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள், உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெறும் ஆட்டத்தில் ஜப்பானும் ஈரானும் மோதியது அங்கேதான். 2-2 என்ற சமநிலையில் கூடுதல் நேரம் தொடங்கியது. மாற்று ஆட்டக்காரராக நுழைந்த மசாயுகி ஒக்கானோ, கைக்கெட்டிய வாய்ப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக வீணாக்கினார். இன்னும் சில நிமிடங்களே எஞ்சியிருந்தபோது, நக்காத்தா உதைத்த பந்தைக் கோல் காவலர் தடுக்க, தெறித்து வந்த பந்தை ஒக்கானோ வலைக்குள் செலுத்தினார். ஜப்பான் முதன்முறையாக உலகக் கிண்ணத்துள் நுழைந்தது. ஜொகூர் பாருவின் பெயரை ஜப்பானியர் இன்றும் மகிழ்ச்சியோடு நினைவுகூர்கின்றனர்.

"அத்தனை தவறவிட்டவர் எப்படி ஐயா மறுபடியும் கோல் முன்னால் போய் நின்றார்?" என்று சிறுவன் கேட்டான்.

ஆசிரியர் விடை சொல்லவில்லை. அதை அவனே யோசிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

அன்று மாலை, நான்காம் மாடி வீட்டின் கதவு நிலையில் சிறுவனை நிறுத்தி, தலைக்கு மேல் பென்சிலால் ஒரு கோடு கிழித்துத் தேதியை எழுதினார். மாதந்தோறும் முதல் சனிக்கிழமை ஒரு கோடு என்று முடிவாயிற்று. தாய் அக்கோட்டைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னர் மூலையில் கிடந்த பையைத் திறந்து, சேறு காய்ந்த காலணிகளை எடுத்துக் கழுவி வெயிலில் வைத்தாள்.

மூன்றாம் மாதம் கோடு அரை விரற்கடை உயர்ந்திருந்தது. சனிக்கிழமைப் பயிற்சிக்கு வருவோர் எண்ணிக்கையும் உயர்ந்திருந்தது. புதிதாகச் சேர்ந்த சிறுவர்களுள் மிகச் சிறியவனுக்குப் பந்தைக் காலால் எப்படி ஏற்பது என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவன், முகாமிலிருந்து திரும்பியவன்தான்.