அட்டை உள்ளவர்களும் காத்திருப்பவர்களும்

தில்லியில் ஆர்.கே.புரம் என்றதும் தமிழர்களுக்கு நினைவுக்கு வருவது மலைமந்திர். ஏழாம் செக்டாரில் குன்றின்மேல் சுவாமிநாதன் கோயில்; ஐந்தாம் செக்டாரில் தில்லித் தமிழ்ச் சங்கம். ஆனால் இந்தப் பகுதி எழுப்பப்பட்டது மத்திய அரசு ஊழியர்களின் குடியிருப்பாக. அவர்களுடைய மருத்துவத்தைக் கவனிக்கும் சி.ஜி.எச்.எஸ். திட்டத்தின் தலைமை அலுவலகமும் இங்கேதான், பதின்மூன்றாம் செக்டாரில் இருக்கிறது. மருத்துவச் செலவு யாருடைய பெயரில் நடப்பது என்று மத்திய அரசும் தில்லி அரசும் ஆறரை ஆண்டுகள் முட்டிக்கொண்டு நின்ற வரலாற்றை விளங்கிக்கொள்ள அந்த அலுவலகத்திலிருந்து தொடங்குவது உதவும்.

சி.ஜி.எச்.எஸ். 1954இல் தில்லியில் தொடங்கப்பட்டது. கடைநிலை ஊழியர் மாதம் 250 ரூபாயும் உயர் அதிகாரி 1000 ரூபாயும் சம்பளத்திலிருந்து செலுத்துகிறார்கள். ஓய்வுபெற்றவர் பத்தாண்டுச் சந்தாவை மொத்தமாகக் கட்டிவிட்டால் வாழ்நாள் முழுதும் அட்டை செல்லும். காய்ச்சலுக்கு வீட்டருகே மருந்தகம், சர்க்கரை நோய்க்கு மாதாமாதம் மாத்திரை, இதய அறுவைக்குப் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனை என எல்லாம் ஒரே அட்டையில் அடங்கும். நாடாளுமன்ற உறுப்பினர்களும், பதவிக்காலம் முடிந்த முன்னாள் உறுப்பினர்களும் இதன் பயனாளிகளே. காங்கிரஸ், ஜனதா, ஐக்கிய முன்னணி, பாரதிய ஜனதா என எத்தனையோ ஆட்சிகள் மாறின. எந்த ஆட்சியும் முந்தைய ஆட்சியின் திட்டம் என்று சொல்லி இதை நிறுத்தவில்லை.

அதே குடியிருப்பில் பாத்திரம் துலக்கவும் வீடு பெருக்கவும் வரும் பெண்களுக்கு இப்படி ஓர் அட்டை கிடையாது. அவர்களுக்கென இரண்டு ஏற்பாடுகள் அடுத்தடுத்து வந்தன. 2015 ஜூலையில் பீராகடியில் முதல் மொஹல்லா கிளினிக்கை ஆம் ஆத்மி அரசு திறந்தது. பின்னர் அவற்றின் எண்ணிக்கை ஐந்நூறைக் கடந்தது. இருமல், காய்ச்சல், இரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு அங்கே மருத்துவரும் மருந்தும் இலவசம். 2018 செப்டம்பர் 23 அன்று மத்திய அரசு ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டை ராஞ்சியில் தொடங்கியது. மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்குக் குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை அது தாங்கும்.

இவை ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. கிளினிக்கால் இதயக் குழாயின் அடைப்பை நீக்க முடியாது. காப்பீடு காய்ச்சல் மாத்திரை தராது. இரண்டும் சேர்ந்தால்தான் அரசு ஊழியரின் ஒற்றை அட்டைக்கு ஓரளவு ஈடாகும். ஆயுஷ்மான் பாரத்துக்குள்ளேயே ஆரம்ப சுகாதார மையங்கள் ஒரு பாதியாகவும் காப்பீடு மறுபாதியாகவும் வகுக்கப்பட்டிருந்தன. ஆக, கொள்கை அளவில் இரு தரப்பும் அவ்வளவு தொலைவில் நிற்கவில்லை.

ஆயினும் தில்லி இத்திட்டத்தில் சேரவில்லை. தில்லி அரசின் வாதம் வெற்றுவாதமன்று. 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்ட பட்டியல் ஏழைகள் பலரை விட்டுவிடுகிறது. தில்லி அரசு மருத்துவமனைகளிலோ வருமான வரம்பின்றி எல்லோருக்கும் இலவச சிகிச்சை உண்டு என்றது அது. மத்திய அரசின் வாதத்திலும் பொருளிருந்தது. இலவசம் என்று எழுதி வைத்தாலும் அறுவைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. காப்பீடு தனியார் மருத்துவமனையின் கதவையும் திறக்கும், நாடெங்கும் செல்லும். கவனிக்க வேண்டியது, நகர்ப்புறப் பயனாளிகளுக்கான தொழிற்பிரிவுகளில் வீட்டுவேலை செய்வோர் வெளிப்படையாகவே இடம்பெற்றிருந்தனர் என்பது. 2020இல் தில்லி அரசே தன் வரவுசெலவுத் திட்ட உரையில் இத்திட்டத்தை ஏற்பதாக அறிவித்தது. அறிவிப்பு அறிவிப்பாகவே நின்றது.

இதன் விளைவு விந்தையானது. ஆர்.கே.புரத்துக்கு அருகில்தான் எய்ம்ஸ் இருக்கிறது. பீகாரிலிருந்து ரயிலேறி வந்த நோயாளி தன் ஆயுஷ்மான் அட்டையை அங்கே பயன்படுத்த முடிந்தது. எய்ம்ஸின் நிழலில் வாழும் தில்லி ஏழைக்கு அந்த அட்டையே வழங்கப்படவில்லை.

அரசியல் சட்டப்படி பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் உள்ளவை. தில்லியில் காவல், நிலம், பொது ஒழுங்கு மூன்றும் மத்திய அரசிடம் இருந்தாலும் மருத்துவம் சட்டப்பேரவைக்கு உரியது. ஆனால் 2023ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் அதிகாரிகளின் மீதான பிடி மத்திய அரசின் பக்கம் போயிற்று. முடிவெடுப்பவர் ஒருவர், கோப்பில் கையெழுத்திடுபவர் வேறொருவர் என்ற நிலையின் உச்சம் 2024 டிசம்பரில் வெளிப்பட்டது. அறுபது வயது கடந்தோருக்கு ‘சஞ்சீவனி’ என்னும் இலவச சிகிச்சைத் திட்டத்தை ஆளுங்கட்சி அறிவித்தது. அப்படியொரு திட்டமே இல்லை என்று அதே அரசின் சுகாதாரத் துறை நாளேடுகளில் பொது அறிவிப்பு வெளியிட்டது. அதற்கு இரண்டு மாதம் முன்னர்தான், எழுபது வயது கடந்த அனைவருக்கும் ஆயுஷ்மான் பாரத்தை விரிவாக்கிய பிரதமர், தில்லி, மேற்கு வங்க முதியவர்களுக்கு உதவ இயலவில்லை என்று மன்னிப்புக் கேட்டிருந்தார். இரு தரப்பும் முதியவர்களைப் பற்றியே பேசின. முதியவர்களின் கைக்கு எதுவும் வந்து சேரவில்லை.

அமெரிக்காவில் இத்தகைய முட்டுக்கட்டை கண்ணுக்குத் தெரியும். 2013இல் ஒபாமாவின் மருத்துவச் சட்டத்தை முன்னிட்டு 16 நாளும், 2025இல் காப்பீட்டு மானியத்தை முன்னிட்டு 43 நாளும் அரசு அலுவலகங்கள் முடங்கின. ஊழியர்கள் சம்பளமின்றித் தவித்தார்கள். ஆகவே நாடே பேசியது. தில்லியில் எந்த அலுவலகமும் மூடப்படவில்லை. வராத அட்டைக்கு யாரும் பற்றுச்சீட்டு வைத்திருப்பதில்லை. அதனால் அந்த இழப்பு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

தமிழ்நாட்டில் கட்சிப்பகை இதைவிடக் குறைவென்று யாரும் சொல்லமாட்டார்கள். எனினும் 2009இல் கலைஞர் பெயரில் தொடங்கிய உயிர்காக்கும் காப்பீடு, ஆட்சி மாறியபின் 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடாக மறுபிறவி எடுத்தது. 2018இல் அது ஆயுஷ்மான் பாரத்துடன் இணைக்கப்பட்டது. 2021இல் ஆட்சி மீண்டும் மாறியபோதும் திட்டம் தொடர்ந்தது. பெயர்ப்பலகைச் சண்டை அங்கும் நடந்தது. ஆனால் நோயாளியின் படுக்கைக்கு வெளியே நடந்தது. வாக்காளர்கள் ஒருமுறை பெற்றதைப் பறித்தால் தேர்தலில் விலை கொடுக்க நேரும் என்பது இரு கழகங்களுக்கும் தெரிந்திருந்தது.

2025 பிப்ரவரியில் தில்லியில் ஆட்சி மாறியது, ஆர்.கே.புரம் தொகுதியும் ஆம் ஆத்மியிடமிருந்து பாரதிய ஜனதாவுக்குப் போனது. ஏப்ரல் 5 அன்று ஆயுஷ்மான் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. தில்லி அரசு தன் பங்காக மேலும் 5 லட்சம் சேர்த்தது. சிக்கல் தீர்ந்தது என்று இதைக் கொள்ள முடியாது. தீர்த்தது உடன்பாடு அன்று, ஒரு தரப்பின் தோல்வி. இப்போது தேய்வது மறுபாதி: மொஹல்லா கிளினிக்குகள் மூடப்படுகின்றன அல்லது வேறு பெயருக்கு மாறுகின்றன. அவற்றில் குறைகள் இருந்தன என்பதைத் தணிக்கை அறிக்கையும் சொன்னது. ஆனால் குறையைச் சரிசெய்வது வேறு, முந்தையவர் கட்டியது என்பதற்காகக் கலைப்பது வேறு.

கூட்டாட்சி முரண்பாடுகளை ஆராய்வோர் அதிகாரப் பங்கீட்டையும் நிதிப் பங்கீட்டையும் அளக்கிறார்கள். அவற்றோடு இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டும்: ஒரு திட்டம் முடங்கும்போது, அதை முடக்கியவர்களின் சிகிச்சை எதன் வழியாக நடக்கிறது? அமைச்சருக்கும் அதிகாரிக்கும் மருத்துவம் தடையின்றிக் கிடைக்கும்வரை, பொறுத்திருப்பது அவர்களுக்கு எளிது. வீட்டுவேலை செய்யும் பெண் எந்தக் கிளினிக்கில் வரிசையில் நிற்கிறாளோ அதே வரிசையில் அவர்களும் நின்றிருந்தால், ஒரு கையெழுத்துக்கு ஆறரை ஆண்டுகள் ஆகியிருக்காது.